காரியாலயக் கணினியில் 'இசட்' டிரைவ் அறுந்து போவது ஏன்?

சென்ற சில மாதங்களாக அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. "கூலி வாங்கப் போனால், கணக்கு அறுந்து போயிற்று, நாளை வாருங்கள் என்கிறார்களே! கணக்கு எப்படி ஐயா அறுந்து போகும்?" என்பதே அது. பாவு அறுவதை நெசவாளர் அறிவர். வரப்பு உடைவதை உழவர் அறிவர். கணக்கு அறுவது என்பது இருவருக்கும் புதிது. பேரேட்டில் எழுதியது தொலைந்து விட்டதோ, சிக்கனச் சேமிப்பில் போட்ட பணத்துக்கு என்ன ஆயிற்றோ என்று அவர்கள் அஞ்சுவது இயற்கையே. காரியாலயத்தில் வேலை பார்ப்போரும் இதற்குத் தெளிவான விடை சொல்லக் கூடாதவர்களாய் இருக்கிறார்கள். ஆகவே இவ்விஷயத்தை இம்மாதம் சற்று விரிவாகவே எழுதப் புகுந்தோம்.

முதலில் அந்த 'இசட்' என்பது யாது என்று பார்ப்போம். இக்காலத்தில் சிறிய சங்கத்தின் காரியாலயத்திலும் இரண்டு மூன்று கணினிகள் இருக்கின்றன. காரியதரிசியின் அறையில் ஒன்று, கணக்கர் மேஜையில் ஒன்று, நூல் கிடங்கில் ஒன்று என்று வைத்துக் கொள்வோம். கூலிப் பேரேட்டையும் நூல் இருப்பேட்டையும் மூவரும் தனித்தனியே எழுதி வந்தால், மூன்று கணக்கும் மூன்று வழி போகும். ஆதலால் ஏடுகளை எல்லாம் ஒரே கணினியில் ஒரு ஃபோல்டரில் வைத்து, மற்றவர்கள் தத்தம் இடத்தில் இருந்தபடியே கேபிள் வழியாக அதைத் திறந்து எழுதும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஏடுகளைத் தன்னிடம் வைத்திருக்கும் அந்தக் கணினியைத் தொழிலறிந்தோர் 'சர்வர்' என்பர். சிறிய சங்கங்களில் அது தனிப்பட்ட பெரிய யந்திரமாக இருப்பதில்லை. காரியதரிசியின் மேஜை மேல் இருக்கும் சாதாரணக் கணினியே அந்த வேலையையும் செய்து வரும். இக்கட்டுரையில் அதை 'ஏட்டுக் கணினி' என்றே குறிப்போம்.

ஏட்டுக் கணினியின் பெயரையும், அதிலுள்ள ஃபோல்டரின் பெயரையும் ஒவ்வொரு முறையும் முழுவதும் எழுதித் திறப்பது தொல்லை. எனவே அந்த முழு முகவரிக்கும் ஓர் ஆங்கில எழுத்தைச் சுருக்கப் பெயராக இட்டு வைக்கிறார்கள். பெரும்பாலும் கடைசி எழுத்தாகிய இசட்டை இடுவது வழக்கம். இதற்கே 'மேப்' செய்த நெட்வொர்க் டிரைவ் என்று பெயர். கணக்கர் மேஜையில் உள்ள திரையில் 'இசட்' என்று ஒரு பெட்டியின் படம் தெரிவதால், கணக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதாக நாம் நினைத்து விடுகிறோம். அது பிழை. ஏரி ஓரிடத்தில் இருக்கிறது. வயல் ஓரிடத்தில் இருக்கிறது. நடுவே வாய்க்கால் ஓடுகிறது. 'இசட்' என்பது வயலோரத்து மடை. அதன் மேல் சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி விழுந்தால், மடையில் நீர் வரவில்லை என்று பொருள். ஏரி வற்றிவிட்டது என்று பொருள் அன்று. பேரேடு ஏட்டுக் கணினியில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவ்வளவு எளிய விஷயத்தை நாமே அறியாமல் இருந்ததனால் நமது சங்கம் பட்ட பாடு கொஞ்சமன்று. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

ஒரு சனிக்கிழமை, கூலிப் பட்டுவாடா நாள். காலை பத்தரை மணிக்குக் கணக்கர் மேஜையில் சிவப்புக் குறி விழுந்தது. வெளித் திண்ணையில் நெசவாளர்கள் காத்திருந்தார்கள். வெறுங்கையோடு அவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாத கணக்கர், தணிக்கையாளருக்கு அனுப்புவதற்காக வியாழக்கிழமை தம் கணினியில் எடுத்து வைத்திருந்த பேரேட்டின் பிரதி ஒன்றைத் திறந்து, அதிலேயே பட்டுவாடாவை எழுதி முடித்தார். அரை மணி நேரத்தில் 'இசட்' தானாகவே திரும்பி வந்துவிட்டது. வேலை மும்முரத்தில் அதை அவர் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில், தாம் எழுதியதே புதிய கணக்கு என்ற எண்ணத்தில் அந்தப் பிரதியை எடுத்து மூல ஏட்டின் மேல் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை கிடங்கிலிருந்து எழுதப்பட்ட துணி வரவுகள் எல்லாம் அத்துடன் மறைந்தன.

இது உடனே ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த பட்டுவாடாவின்போது ஓர் அம்மையார், தாம் கொடுத்த இரண்டு சேலைகளுக்குக் கூலி ஏறவில்லை என்று தமது பாஸ் புத்தகத்தைக் காட்டினார். பிறகு இன்னொருவர் வந்தார், பிறகு இன்னொருவர். கிடங்கு எழுத்தர் பழைய வழக்கத்தை விடாமல் துணி வரவுச் சீட்டுகளைக் கையாலும் எழுதி அடிக்கட்டையை வைத்திருந்தமையால் தப்பினோம். நான்கு நாட்கள் மாலையில் உட்கார்ந்து சீட்டுக்குச் சீட்டு ஒத்துப் பார்த்துக் கணக்கைச் சரி செய்தோம். கணக்கர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவர் செய்தது இரக்கத்தினால் செய்தது. ஆனால் டிரைவ் அறுந்தமையால் ஒரு காசும் தொலையவில்லை என்பதையும், அறுந்தபோது நாம் செய்த காரியத்தினாலேயே கணக்குத் தொலைந்தது என்பதையும் அங்கத்தினர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

இதன் பின்னர் நிர்வாகக் குழு கூடியது. கணினிக் கடைக்காரர் ஒருவர், புதிய சர்வர் வாங்கினாலன்றி இக்குறை தீராது என்று விலைப் பட்டியல் கொடுத்திருந்தார். அதற்குத் தொகை ஒதுக்கவும் பலர் சம்மதமாய் இருந்தனர். குழுவில் முதியவரான ஒரு நெசவாளர் மட்டும், "எந்த இழை, எந்த இடத்தில், எப்போது அறுகிறது என்று பார்த்தீர்களா? பார்க்காமல் தறியையே மாற்றுவதா?" என்று கேட்டார். ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கணக்கர் மேஜையில் கட்டித் தொங்கவிட்டோம். தேதி, மணி, எந்தக் கணினி, அப்போது என்ன நடந்து கொண்டிருந்தது, எப்படித் திரும்பி வந்தது என்று ஐந்து பத்திகள் போட்டோம். ஆறு வாரம் எழுதினோம். டிரைவ் அறுவதற்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வேளை உண்டு. அறுகின்ற வேளையைக் கொண்டே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பதை அந்த நோட்டுப் புத்தகம் நமக்குக் கற்பித்தது.

நமது புத்தகத்தில் மிகுதியாகக் கண்டது, சும்மா இருந்த பின் அறுவது. கணக்கர் வங்கிக்குப் போய் வருவார். அல்லது அங்கத்தினர் ஒருவரோடு பேசிக் கொண்டிருப்பார். திரும்பி வந்து பார்த்தால் சிவப்புக் குறி. படத்தின் மேல் இரு முறை தட்டினால் உடனே திறந்து கொள்ளும். இது பழுதே அன்று. விண்டோஸ் முறையில் இயங்கும் ஏட்டுக் கணினி, தன்னோடு தொடர்பு கொண்டு பின் 15 நிமிடம் ஒன்றும் கேட்காமல் இருக்கும் கணினியின் தொடர்பைத் தானே விடுத்துவிடும். வீணே திறந்து கிடக்கும் மடையை நீர்க்கட்டி அடைத்து விடுவது போன்றது இது. கேட்டால் மறுபடி திறந்துவிடும். இதைப் பெரும்பான்மையான நிரல்கள் பொறுத்துக் கொள்ளும். பழைய கணக்கு நிரல்கள் சில பொறுக்க மாட்டாமல், எழுதியதைச் சேமிக்கத் தவறிவிடும். நமது கூலி நிரல் அவ்வினத்தைச் சேர்ந்தது.

அப்படிப்பட்ட நிரல் உள்ள சங்கங்கள் அந்த 15 நிமிடத்தை மாற்றிக் கொள்ளலாம். மாற்ற வேண்டிய இடம் ஏட்டுக் கணினி. சிவப்புக் குறி தெரியும் கணினி அன்று. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். ஏட்டுக் கணினியில் நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, 'நெட் கான்ஃபிக் சர்வர்' என்ற கட்டளையில் 'ஆட்டோடிஸ்கனெக்ட்' என்பதற்கு -1 என்ற மதிப்பைக் கொடுத்தால், தொடர்பை விடுக்கும் வழக்கம் நின்றுவிடும். உண்மையில் அது நிற்பதில்லை. தவணை 8,171 ஆண்டுகளுக்குத் தள்ளிப் போகிறது என்பதே கணக்கு. அதுவரை நமது சங்கம் நிலைத்திருந்தால் அப்போது பார்த்துக் கொள்ளலாம்! ஆனால் ஒரு எச்சரிக்கை. 'வேண்டாம்' என்பதற்கு அடையாளமாக இக்கட்டளையில் 0 என்று எழுதிவிடக் கூடாது. அவ்வாறு எழுதினால் சில விநாடிகளிலேயே தொடர்பு விடுபட்டு, இருந்ததைவிடக் கேடாகிவிடும். நம்மிடம் வந்த மெக்கானிக் முதலில் இதைத்தான் செய்தார். அன்று பிற்பகல் முழுவதும் நோட்டுப் புத்தகத்தில் எழுத இடம் போதவில்லை.

அடுத்தது காலை வேளை. கணினியைப் போட்டதும், நெட்வொர்க் டிரைவ்கள் அனைத்தையும் இணைக்க முடியவில்லை என்று ஓர் அறிவிப்பு வரும். சற்றுப் பொறுத்துத் தட்டினால் திறக்கும். கணினி இப்போதெல்லாம் வெகு விரைவில் எழுந்து விடுகிறது. நெட்வொர்க், குறிப்பாக வைஃபை, எழச் சில விநாடிகள் கூடுதலாகின்றன. வாய்க்காலில் நீர் வருமுன் மடையைத் திறந்து பார்த்து, வறட்சி என்று எழுதி வைப்பது போல் கணினியும் சிவப்புக் குறியைப் போட்டுவிடுகிறது. 2018ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 10இன் 1809 என்ற பதிப்பில் இக்குறை பரவலாகக் காணப்பட்டு, மைக்ரோசாஃப்ட் கம்பெனியே அதை ஒப்புக்கொண்டு மாற்று வழியையும் வெளியிட்டது. 'நெட்வொர்க்குக்காகக் காத்திருந்து பின் உள்ளே விடு' என்னும் பொருள்பட ஒரு கொள்கை விதி விண்டோஸின் தொழில்முறைப் பதிப்பில் இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் போதும். வீட்டு உபயோகத்துக்கான பதிப்பை வாங்கி வைத்திருக்கும் சங்கங்களில் அவ்விதியை மாற்றும் திரை இராது. அவர்கள் சிறிது பொறுமை காட்டினாலே காரியம் ஆகிவிடும்.

நமது காரியாலயத்தில் காலைக் குறைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எழுதவே சற்று வெட்கமாயிருக்கிறது. காலையில் பெருக்க வருபவர் முன்கூடத்துக் கணினிகளைப் போட்டுவிட்டுப் போவார். காரியதரிசி பத்து மணிக்கு வந்து தம் அறையைத் திறந்த பிறகுதான் ஏட்டுக் கணினி எழும். அதுவரை எல்லார் திரையிலும் சிவப்புக் குறி இருந்ததில் வியப்பென்ன? இப்போது அறையின் சாவி ஒன்று கணக்கரிடம் இருக்கிறது. ஏட்டுக் கணினியை முதலில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்தே மற்றவற்றைப் போடுகிறோம்.

பகல் உணவுக்குப் பின் அறுவது மூன்றாவது வகை. இது மேலே சொன்ன 15 நிமிட விஷயம் போலவே தோன்றும். ஆனால் இரு முறை தட்டினாலும் திறக்காது. ஏட்டுக் கணினி உறங்கிப் போயிருக்கும். மின்சாரச் சிக்கனத்துக்காக, சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் உறங்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. மற்றக் கணினிகள் உறங்கலாம். ஏட்டுக் கணினி காரியாலய நேரத்தில் உறங்கலாகாது. திரை மட்டும் அணையட்டும், கணினி உறங்க வேண்டாம் என்று 'பவர்' அமைப்பில் மாற்றிவிட வேண்டும். இதைப் போன்றே நெட்வொர்க் அட்டைக்கும் ஓர் உறக்கம் உண்டு. 'டிவைஸ் மேனேஜர்' என்ற இடத்தில் அந்த அட்டையைத் திறந்து பார்த்தால், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை நிறுத்தலாம் என்று கணினிக்கு அனுமதி கொடுக்கும் கட்டம் ஒன்று காணப்படும். அதிலுள்ள குறியை எடுத்துவிட வேண்டும். மடிக்கணினிகளில் இதை முதலில் பார்ப்பது நலம்.

நான்காவது வகையைக் கண்டுபிடித்தபோதுதான் புதிய சர்வருக்கான விலைப் பட்டியலை மடித்து வைத்தோம். நோட்டுப் புத்தகத்தில் 'எல்லாக் கணினியும், ஒரே நேரம்' என்று சில நாட்கள் எழுதியிருந்தது. அந்த நாட்களை மின்தடை நேரத்தோடு ஒத்துப் பார்த்தோம்; இம்மி பிசகாமல் பொருந்தியது. ஏட்டுக் கணினிக்கு யு.பி.எஸ். இருந்தது; கணக்கர் கணினிக்கும் இருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் 'ஸ்விட்ச்' என்ற சிறு பெட்டி சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதற்கு மட்டும் யு.பி.எஸ். இல்லை! மின்சாரம் போனதும் கணினிகள் இரண்டும் எரிந்து கொண்டே இருக்கும். நடுவிலிருந்த பெட்டி அணைந்துவிடும். ஏரியிலும் நீர் உண்டு, வயலும் காத்திருக்கிறது, இடையில் மதகுப் பலகை விழுந்து கிடக்கிறது. மேற்சொன்ன சனிக்கிழமை நடந்ததும் இதுவே. அப்பெட்டி குடிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். அதன் வயரை யு.பி.எஸ்.இன் பின்புறத்துத் துளைக்கு மாற்ற ஒரு காசும் செலவாகவில்லை. வைஃபை உபயோகிக்கும் சங்கங்களில் ரவுட்டருக்கும் இவ்விதியே. இக்கட்டுரையைப் படிக்கும் காரியதரிசிகள் வேறு எதைச் செய்யாவிடினும், தம் காரியாலயத்து ஸ்விட்ச் பெட்டியின் வயர் எங்கே போகிறது என்பதை மட்டும் நாளையே எழுந்து போய்ப் பார்ப்பார்களாக.

வேளை எதுவும் இன்றி, எழுதிக் கொண்டிருக்கும்போதே அறுவதாக இருந்தால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். கேபிளின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்து, நாற்காலி அசைந்தாலும் இணைப்பு நழுவும். கிடங்கில் எலி கடித்திருக்கலாம். செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர் என்பது எல்லை. பின்கட்டுக் கிடங்கு வரை இழுத்துக் கொண்டே போனவர்கள் அதை அளந்து பார்க்க வேண்டும். சுவர்கள் பல கடந்து வரும் வைஃபையில் கூலிப் பேரேடு எழுதுவதை நாம் விரும்புவதில்லை. பலர் சேர்ந்தெழுதும் தரவுக் கோப்பு, எழுதும் நடுவில் தொடர்பு அறுந்தால் பழுதாகிவிடக் கூடும். கணக்கு எழுதும் மேஜைக்குக் கேபிளே தக்கது.

ஒரே ஒரு கணினியில் மட்டும், ஒருநாள் திடீரென்று அறுந்து, பின் எப்படித் தட்டினாலும் திறக்கவில்லை எனில், அதற்கு முன்தினம் யாரேனும் கடவுச்சொல்லை மாற்றினார்களா என்று கேட்க வேண்டும். கணினி பழைய சொல்லையே மனப்பாடம் செய்து வைத்துக் கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருக்கும். 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் பழைய சொல்லை அழித்துப் புதியதைப் பதிய வேண்டும். பிழையான சொல்லைப் பன்முறை சொன்னால் சில காரியாலயங்களில் கணக்கே பூட்டப்பட்டுவிடுவதும் உண்டு. ஆகையால் ஆத்திரத்தில் தட்டிக் கொண்டே இருப்பது உதவாது. பெரிய சங்கங்களுக்கு மட்டும் ஒரு சொல்: சாதாரண விண்டோஸ் கணினியை ஏட்டுக் கணினியாக வைத்திருந்தால், ஒரே நேரத்தில் 20 தொடர்புகளுக்கு மேல் அது ஏற்காது. அவர்களுக்குத்தான் உண்மையான சர்வர் வேண்டும்.

புதிய கணினி வாங்கிய பின்னர், அல்லது விண்டோஸைப் புதுப்பித்த பின்னர், பழைய சேமிப்புப் பெட்டியில் உள்ள ஏடு திறக்கவில்லை என்று சில சங்கங்களிலிருந்து முறையீடு வருகிறது. இதைச் சற்றே விளக்க வேண்டும். கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்து கொள்ள எஸ்.எம்.பி. என்றொரு பாஷையில் பேசிக் கொள்கின்றன. அதன் முதற்பதிப்பு மிகப் பழையது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்பழைய பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே 'வான்னாக்ரை' என்ற தீநிரல் புகுந்து, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் உட்படப் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அவ்வாண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அப்பழைய பாஷையைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 2024ஆம் ஆண்டின் விண்டோஸ் 11 பதிப்பாகிய 24எச்2 இன்னும் ஒருபடி போய், பேச்சுக்குப் பேச்சு ஒப்பம் இட வேண்டும் என்கிறது; கடவுச்சொல் இன்றி 'விருந்தாளி'யாக யாரையும் உள்ளே விடும் பெட்டிகளோடு தொழில்முறைப் பதிப்பு பேச மறுக்கிறது.

இந்நிலையில் சில மெக்கானிக்குகள், பழைய பாஷையை மறுபடியும் இயக்கி வைத்து ஐந்து நிமிடத்தில் டிரைவைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்கள். வேலை முடிந்தது என்று நாமும் மகிழ்கிறோம். அது திருடன் நுழைந்த கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைப்பது போன்றது. சேமிப்புப் பெட்டியின் உள்நிரலைப் புதுப்பித்து, கடவுச்சொல் ஏற்படுத்த வேண்டும். அது முடியாத பழம்பெட்டியாயின் அதை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட வேண்டும். இவ்விடத்தில் செலவு செய்யத் தயங்கலாகாது என்பது நமது துணிபு. சர்வருக்குச் செலவு செய்ய வேண்டாம் என்று மேலே எழுதிய நாமே இதைச் சொல்கிறோம்.

இனி, சிவப்புக் குறி விழுந்தவுடன் மேஜையில் இருப்பவர் செய்ய வேண்டுவது. வயலில் நீர் வராவிட்டால் உழவர் மடையிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே மதகை நோக்கி நடப்பார் அல்லவா? அவ்விதமே நடக்க வேண்டும். முதலில் படத்தை இரு முறை தட்டிப் பார்க்க வேண்டும். திறக்காவிட்டால் பக்கத்துக் கணினியில் திறக்கிறதா என்று கேட்க வேண்டும். அங்கே திறந்தால் குறை இங்கே. அங்கும் திறக்காவிட்டால் குறை நடுவில் அல்லது ஏட்டுக் கணினியில். பாதிச் சந்தேகம் இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும். பிறகு கேபிள் சொருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா, ஸ்விட்ச் பெட்டியில் விளக்குகள் மின்னுகின்றனவா, ஏட்டுக் கணினி விழித்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாயிருந்தும் திறக்கவில்லை எனில், ஏட்டுக் கணினியைப் பெயரால் அழைக்காமல் அதன் நெட்வொர்க் எண்ணால் அழைத்துப் பார்க்கலாம். எண்ணால் திறந்து பெயரால் திறக்காவிட்டால், வழி நன்றாயிருக்கிறது, பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் கோளாறு. ரவுட்டர் எண்களை அவ்வப்போது மாற்றிக் கொடுப்பதால் இக்குழப்பம் நேர்வதுண்டு; ஏட்டுக் கணினிக்கு மட்டும் மாறாத எண் ஒன்றை ஒதுக்கி வைக்கும்படி ரவுட்டரில் செய்துவிடலாம். கட்டளைத் திரையில் 'நெட் யூஸ்' என்று தட்டினால், எந்த எழுத்து எந்த முகவரிக்குரியது, இப்போது இணைந்திருக்கிறதா என்பது ஒரு பட்டியலாக வரும். அதைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், பின்னர் வரும் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

கணக்கு நிரல் ஒன்றை 'நிர்வாகி'யாகத் திறந்தால் மட்டும் அதற்குள் 'இசட்' தெரியாமல் போவதைக் கண்டு சிலர் டிரைவ் அறுந்ததாக எண்ணுகிறார்கள். அது அறுந்ததன்று. நிர்வாகியாகத் திறக்கும் நிரலுக்கு விண்டோஸ் தனி இணைப்பு வைக்கிறது. சாதாரணமாகத் திறந்தால் தெரியும்.

டிரைவ் அறுந்திருக்கும் வேளையில் கணக்கு எழுதுவது எப்படி என்பதற்கு நமது நிர்வாகக் குழு தீர்மானம் ஒன்று நிறைவேற்றியிருக்கிறது. அதன்படி, அறுந்திருக்கையில் எக்காரணம் கொண்டும் பேரேட்டின் பிரதியைத் தனிக் கணினியில் திறந்து எழுதக் கூடாது. பட்டுவாடா நிற்கவும் கூடாது. மேஜை இழுப்பறையில் எண்ணிட்ட கைச்சீட்டுப் புத்தகம் இருக்கும். தொகையை அதில் எழுதி, அங்கத்தினரின் கையொப்பம் பெற்று, பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். டிரைவ் திரும்பி வந்ததும் சீட்டு எண்ணோடு பேரேட்டில் ஏற்றி, அடிக்கட்டையில் 'ஏறியது' என்று எழுதிக் காரியதரிசி ஒப்பமிட வேண்டும். தணிக்கையாளருக்கு அனுப்பும் பிரதிகள், படிக்க மட்டும் திறக்கும்படி பூட்டப்பட வேண்டும். மேலும், 'இசட்' ஒரு காப்புப் பிரதி ஆகாது. மேஜைக் கணினியில் தீநிரல் புகுந்தால், அது அந்த மடை வழியாகவே ஏரிக்குப் போய்விடும். ஆதலால் வாரந்தோறும் ஏடுகளை ஒரு வெளி டிஸ்கில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி இரும்புப் பெட்டியில் வைக்கிறோம்.

இத்தீர்மானத்துக்குப் பின்னும் டிரைவ் அறாமல் இல்லை. சென்ற மாதம் இரண்டு முறை அறுந்தது; ஒரு முறை கிடங்கில் கேபிள் நழுவியது, மற்றொரு முறை கடவுச்சொல் மாற்றம். இரண்டுக்கும் காரணம் கால் மணிக்குள் தெரிந்தது. கைச்சீட்டில் ஏழு பட்டுவாடாக்கள் எழுதப்பட்டு, அன்று மாலைக்குள் ஏழும் ஏறின. சேலைக்குக் கூலி ஏறாமல் முதலில் வந்து கேட்ட அம்மையார், இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் பணம் வாங்கு முன் அந்த நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கிறார். மற்ற அங்கத்தினர்களும் பார்க்கலாம். அது கணக்கர் மேஜையின் வலப்புறத்தில், நாடாவில் கட்டித் தொங்குகிறது.